பதினோராவதாக இறங்கியவர்

10 ஜூன் 2013, திங்கள்

முதல் ஆளாக இறங்கி ஆடுகிற ஒருவர் எதற்காக ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் பதினோராவது ஆளாக இறங்குவார்? எனக்குத் தெரியவில்லை. கிரிக்கெட் எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பட்டியலைப் பார்க்கத் தெரியும்.

காவேரி யூனியன் கிளப்பின் பழைய ஸ்கோர் புத்தகங்களை மூன்று நாளாகப் புரட்டுகிறேன். கே. வேதாசலம் கிளப்புக்காக அறுபத்து மூன்று கிரிக்கெட் ஆட்டம் ஆடியிருக்கிறார். அறுபத்திரண்டில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இறங்குகிறார். ஒன்றில் மட்டும் கடைசி ஆள், பூஜ்யம். அது 15 ஜனவரி 1921, பொங்கல் ஆட்டம். கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரர் அணியில் எட்டுப் பேரை இருபத்தொரு ரன்னுக்கு அவர் வீழ்த்திய நாள். இந்த ஊரில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதென்றால் அந்த ஒரு நாளால்தான்.

காலில் அடிபட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அடிபட்ட காலோடு பதினான்கு ஓவர் எப்படிப் போட்டார்? மற்ற அறுபத்திரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எடுத்தது மூன்றே மூன்று விக்கெட்.

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவர் படியேற்ற மாட்டேன் என்றார். நானே உருட்டினேன்.

12 ஜூன், புதன்

இந்த வேலை எப்படி வந்தது என்று குறித்துவைக்க வேண்டும்.

மே கடைசியில் கிருபாகரன் சார் போன் செய்தார். என் முனைவர் பட்ட நெறியாளர், ஓய்வுபெற்ற துறைத் தலைவர், இப்போது கிளப்பின் தலைவர். கிளப்புக்கு நூறு வயது. மலர் போடுகிறார்கள், பதிப்பாசிரியர் சார்தான். புதிதாகக் கட்டிய பார்வையாளர் அரங்குக்கு வேதாசலத்தின் பெயர். "அவரோட வாழ்க்கை வரலாறு ஒரு எட்டுப் பக்கம், உமையாள். நீ எழுதினாத்தான் சரியா வரும்" என்றார்.

சரி என்றேன். சார் போனில் பேசும்போது நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது.

வேதாசலம் பற்றி இதுவரை உறுதியானவை: பிறப்பு 1893. வக்கீல் மகன். குளித்தலைப் பக்கம் நிலம். கல்லூரியில் கால்பந்து, அதற்குப் பின் வாழ்நாள் முழுக்க இரண்டு ஆட்டமும். கால்பந்தில் நடு முன்கள ஆட்டக்காரர். 1914இல் பட்டாளத்துப் பூட்ஸ்களுக்கு எதிராக வெறுங்காலோடு ஆடி இரண்டு கோல். ரயில் கட்டணத்தைக்கூட யாரிடமும் வாங்கியதில்லை. 'தூய அமெச்சூர்' என்று 1926 ஆண்டறிக்கை மெச்சுகிறது. காசு வாங்காமல் ஆட முடிந்தவர் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர் என்று அறிக்கையில் யாரும் எழுதவில்லை.

கிளப் விதி ஏழு: "கிளப்பிடம் கூலி பெறும் எவரும் கிளப்பின் அணியில் ஆடலாகாது."

15 ஜூன், சனி

மைதானத்துக்குப் போனேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சவரிமுத்து. மூன்று தலைமுறையாக இதே வேலை, இதே மைதானம். ரோலரின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுப்பதற்காக அந்தப் பதினோராவது ஆள் கேள்வியை அவரிடம் போட்டேன்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க மேடம்? மட்டை புடிக்கத் தெரியாதவன் கடைசியிலதான் எறங்குவான்."

"வேதாசலத்துக்கு மட்டை பிடிக்கத் தெரியாதா?"

"அவுருக்கா? அவுருக்கு நல்லாத் தெரியும்."

சிரித்தார். வெயில் ஏறுவதற்குள் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று போய்விட்டார். கேலி செய்கிறாரா என்று புரியவில்லை. எனக்குக் கேலி செய்யப்படுவது பிடிக்காது.

16 ஜூன், ஞாயிறு

மாமிச வாசனை வருகிறதென்று கீழ்வீட்டுக்காரர் புகார். நான் சமைத்தது கத்திரிக்காய்.

21 ஜூன், வெள்ளி

வேதாசலத்தின் பேத்தி பெங்களூரிலிருந்து கூரியர் அனுப்பியிருக்கிறார். உறையில் ஒரே ஒரு புகைப்படம்.

கோலார் தங்கவயலில் எடுத்தது. பதினோரு பேர், கோடு போட்ட பனியன். நடுவில் நாற்காலியில் வேதாசலம். மெல்லிய மீசை, நேரான பார்வை. கிளப் ஹாலில் தொங்கும் படத்தில் இருப்பவரேதான், சந்தேகமில்லை. காலடியில் பந்து. அந்தக் காலத்தில் அணிப் படம் எடுத்தால் ஆட்டத்தின் தேதியையும் முடிவையும் பந்தின் மேலேயே சுண்ணாம்பால் எழுதி வைப்பது வழக்கம். இந்தப் பந்திலும் எழுதியிருக்கிறது. 15-1-21. கீழே 2-0.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்று ஏழாக இருக்குமோ, ஐந்து ஆறாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. நாள்காட்டிக் கணக்கும் போட்டேன். 15 ஜனவரி 1921 சனிக்கிழமை. திருச்சியிலிருந்து கோலாருக்கு அன்றைய ரயிலில் ஒரு நாள் பிடிக்கும். காலையில் அங்கே பந்தை உதைத்துவிட்டு மதியம் இங்கே வந்து பந்து வீச முடியாது.

படத்தின் பின்புறம் பென்சில் எழுத்து. கிளப்பின் கையொப்பப் புத்தகத்தில் உள்ள அவருடைய எழுத்தோடு ஒத்துப்போகிறது: "ஜெயித்தோம். ஊரில் மாசிலாமணி என்ன செய்தானோ."

கிளப்பின் வேலையாட்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 1920: 'மாசிலாமணி, புல் வெட்டுதல், பயிற்சி வலையில் மெம்பர்களுக்குப் பந்து வீசுதல்.' கூலியாள். விதி ஏழின்படி அணியில் ஆடக் கூடாதவர்.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

22 ஜூன், சனி

காலை ஏழு மணிக்கே மைதானம். படத்தைச் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். திருப்பிப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார் போல. படித்து முடித்ததும் என்னிடம் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"மாசிலாமணி எங்க தாத்தா மேடம். எடது கை. பந்து தரையில விழுந்து பாம்பு மாதிரி திரும்புமாம். படத்துல இருக்குற இவுரு பந்தாட்டத்துக்குக் கோலார் போயிட்டாரு. இங்க ஆள் பத்தல. மெம்பருங்க எல்லாம் சேர்ந்து, 'டேய் மாசிலாமணி, இன்னிக்கு ஒரு நாள் நீதாண்டா வேதாசலம்'னுட்டாங்க. வெள்ளைச் சட்டை மாட்டி விட்டாங்க. பேரு கேட்டா வேதாசலம்னு சொல்லணும், மத்தபடி வாயத் தொறக்கக் கூடாதுன்னாங்க."

"வெள்ளைக்காரர்களுக்குத் தெரியவில்லையா? வேதாசலம் அவர்களோடு முன்பே ஆடியவராயிற்றே?"

"மூஞ்சியப் பாத்தாத்தானே தெரியும் மேடம்."

அவர்களுக்காவது முகம் தெரியவில்லை. பக்கத்தில் நின்று ஆடிய பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்து அன்று மாலை மாசிலாமணியே தம்ளர்களைக் கழுவியிருக்கிறார். அடுத்த வாரம் வலையில் பந்து போட்டிருக்கிறார். ஒருவர்கூட எங்கும் ஒரு வரி எழுதவில்லை.

"போன வாரமே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எழுதியிருப்பீங்களா?"

எழுதியிருக்க மாட்டேன். 'வாய்மொழித் தகவல், சான்றில்லை' என்று ஒரு அடிக்குறிப்பு போட்டிருப்பேன். அதுகூடச் சந்தேகம்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் அந்தப் பொங்கல் ஆட்டத்தின் ஸ்கோரை ஒருவர் மேடையில் படிப்பார். அவுட்டான வெள்ளைக்காரரின் பெயரைச் சொல்லி நிறுத்துவார். ஹால் முழுவதும் 'வேதாசலம்!' என்று கத்தும். எட்டு முறை. நானும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

"அப்ப நாங்க பின்னாடி காபி தம்ளர் கழுவிக்கிட்டு இருப்போம்" என்றார் சவரிமுத்து. "அவுங்க கத்துறப்ப எங்கப்பா வாய்க்குள்ள தாத்தா பேரச் சொல்லுவாரு. எட்டுத் தடவையும். எனக்கும் அப்படியே பழகிருச்சு. வர்ற ஜூலை முப்பத்தொண்ணோட ரிட்டையர்டு மேடம். அந்த ஹால்ல ஒரே ஒரு தடவ தாத்தா பேரச் சத்தமா கேட்டுட்டுப் போயிட்டாப் போதும். போர்டு, சிலை எல்லாம் வேணாம்."

கேட்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லை.

25 ஜூன், செவ்வாய்

கட்டுரையை அனுப்பினேன். எட்டாவது பத்தி முழுவதும் மாசிலாமணி. வேதாசலத்தைத் திட்டவில்லை. அவர் நல்ல ஆட்டக்காரர், அது வேறு. ஆனால் 1921க்குப் பிறகு இருபத்தேழு வருடம் உயிரோடு இருந்தார். மறுத்து ஒரு சொல் சொன்னதற்கும் ஆதாரமில்லை, பெருமை பேசியதற்கும் ஆதாரமில்லை என்று எழுதியிருக்கிறேன். பேசாமல் இருந்ததை அடக்கம் என்று 1926 அறிக்கை சொல்கிறது. வேறு பெயரும் சொல்லலாம். எழுதவில்லை.

27 ஜூன், வியாழன்

சார் போன். இந்த முறை உட்கார்ந்தே பேசினேன். முதல் ஒரு நிமிடமாவது.

"கட்டுரை பிரமாதம்மா. ஆனா வாழ்த்து எழுதச் சொன்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணியிருக்கியே."

"ஆதாரம் இருக்கிறதால எழுதினேன் சார்."

"பந்துல சுண்ணாம்பு. அது ஒரு ஆதாரமா? நான் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"ஒரே விஷயத்துக்கு ரெண்டு ஆதாரமாவது வேணும்னு. இதுல நாலு இருக்கு சார். பந்து, பின்னாடி உள்ள கையெழுத்து, பதிவேடு, இறங்கின வரிசை."

சிரித்தார். "மாட்டு வண்டிக்காரன் மாதிரி பிடிவாதம். சரி, விடு. நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்.' இந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

3 ஜூலை, புதன்

அச்சுப்படி வந்தது. எட்டாவது பத்தி இல்லை. ஏழாவதும் ஒன்பதாவதும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் எதுவும் இருந்ததேயில்லை என்பதுபோல. 'அன்று எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார்' என்று நான் எழுதாத ஒரு வாக்கியம். மேலே கொட்டை எழுத்தில்: முனைவர் சி. உமையாள்.

1991இல் சாரின் புத்தகம் வந்தது. பஞ்ச காலத்து ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியது. விருது வாங்கியது. இன்னும் பாடமாக வைக்கிறார்கள், நானே நடத்துகிறேன். நான்காம் இயலுக்கான ஆவணங்களைத் தேடி இரண்டு வருடம் பஸ்ஸில் அலைந்தவர் யார் என்று என் மாணவிகளுக்குத் தெரியாது. முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது: 'தட்டச்சில் உதவிய செல்வி உமையாளுக்கு நன்றி.' எனக்குத் தட்டச்சுத் தெரியாது. இப்போதும் ஒரு விரலால்தான் அடிக்கிறேன்.

இதை எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் இன்றுதான். அப்போது எழுதியதில் என் பெயர் இல்லை. இப்போது என் பெயருக்குக் கீழே நான் எழுதாதது. எது மோசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க விருப்பமில்லை.

4 ஜூலை, வியாழன்

இரண்டாமாண்டுக்கு வகுப்பு. ஒரு மாணவியைக் காரணமில்லாமல் வெளியே அனுப்பினேன். மதியம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள்.

7 ஜூலை, ஞாயிறு

சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கேசரி கொடுத்தார். சாப்பிடவில்லை. அச்சுப்படியை மேஜைமேல் வைத்தேன்.

"என் பெயரை எடுத்துவிடுங்கள் சார்."

"ஏம்மா இவ்வளவு கோவம்? அந்தப் பேத்தி பெங்களூர்லேர்ந்து குடும்பத்தோட வரா. அரங்கு கட்டப் பாதிப் பணம் குடுத்தது அவங்க. அவங்கள மேடையில உக்கார வச்சுட்டு, உங்க தாத்தா ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லச் சொல்றியா?"

"படத்தை அனுப்பினதே அவங்கதான் சார்."

"திருப்பிப் பாக்காம அனுப்பியிருப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாசிலாமணியோ யாரோ, அந்த ஆளே கேக்கல. சவரிமுத்து என்னைக்காவது என்கிட்ட வந்து கேட்டிருக்கானா? நாப்பது வருஷமா இங்கதான் இருக்கான். அவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உனக்கும் எனக்கும்தான் பேரு, ஆதாரம், அடிக்குறிப்பு எல்லாம்."

கேட்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடம் கேட்காமலிருந்த ஒருத்தியிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் மோசம்.

"நீ எப்பவும் புரிஞ்சுக்கற பொண்ணு" என்றார். "பதினாலாம் தேதி விழாவுல ஸ்கோர் நீதான் படிக்கணும். இத்தனை வருஷத்துல ஒரு பொம்பள படிச்சதில்ல. நான்தான் கமிட்டில பேசி வாங்கினேன்."

எனக்குப் பரிசாகக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டேன். "சரி சார்" என்றேன்.

13 ஜூலை, சனி

ஸ்கோர் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டேன். நாளை அதைப் பார்த்துத்தான் படிப்பேன். வெள்ளைக்காரர் பெயருக்குப் பிறகு நிறுத்தப் போவதில்லை. அவர்கள் கத்துவதற்கு முன்னால் நானே பந்து வீசியவரின் பெயரைச் சொல்லிவிடுவேன். எட்டு முறை. கடைசியில் புகைப்படத்தைக் காட்டி விளக்குவேன். அதற்கு மூன்று நிமிடப் பேச்சு எழுதி வைத்திருக்கிறேன்.

சவரிமுத்துவிடம் போய்ச் சொன்னேன். ஹாலுக்குள் வந்து உட்காரச் சொன்னேன்.

"உக்காருறதா? அப்ப காபி யாரு குடுப்பா?" என்றார். பிறகு, "கதவுகிட்ட நிக்கிறேன் மேடம். அங்கேர்ந்தே காதுல விழும்."

நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். பயம் இருக்கிறது. அதைவிடக் கோபம் பெரிதாக இருப்பதால் போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

14 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விழா பத்தரைக்கு. ஹாலில் இருநூறு பேர் இருக்கும். பதினொன்றே காலுக்கு என்னை அழைத்தார்கள். ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தேன். "ரீவ்ஸ்" என்றேன். "மாசிலாமணி" என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. 'வேதாசலம்!' என்று ஹால் கத்தியது. அவர்கள் என்னைவிட வேகம். இரண்டாவது, பார்லோ. அதுவும் அப்படியே. நான் போட்ட திட்டம் அங்கேயே முறிந்தது.

மூன்றாவதுக்கு மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டேன். "மில்னர். மாசிலாமணி." இது கேட்டது. பாதிப் பேர் கத்தினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "மேடம் பக்கம் மாறிப்போச்சு போல!" என்றார். நான் காத்திருந்தேன். சிரிப்பு அடங்கியதும், "டாட். மாசிலாமணி." இந்த முறை கத்தியவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். சார் நாற்காலியிலிருந்து எழுந்து, "உமையாள், போதும்மா" என்றார். அது மைக்கில் விழுந்தது.

"ஹாலம்" என்றேன். சார் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் வரவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்களும் சாரைப் பார்த்தார்கள்.

கதவருகிலிருந்து குரல் வந்தது. "மாசிலாமணி."

எல்லோரும் திரும்பினார்கள். சவரிமுத்து காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. தட்டைக் கீழே வைக்கவில்லை.

"ஸ்பென்ஸ்" என்றேன்.

"மாசிலாமணி."

"கர்ட்டிஸ்."

"மாசிலாமணி."

எட்டாவது வைன் என்பவர். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கைதட்டலும் இல்லை.

மூன்று நிமிடப் பேச்சைப் பேச விடவில்லை. சார் மைக்கை வாங்கி, "நம்ம உமையாள் ஆராய்ச்சிக்காரங்க, சில கருத்து வேறுபாடு இருக்கு" என்று தொடங்கி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். நான் மேடையிலேயே அவரிடம், "எட்டாவது பத்தி இல்லாத கட்டுரை என்னுடையதல்ல" என்றேன். அவருக்கு மட்டும் கேட்டது. நான்காம் இயலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரங்கைத் திறந்தார்கள். போர்டில் வேதாசலத்தின் பெயர்தான், கீழே 8-21. மலரை வெளியிட்டார்கள். பேத்தி என்னிடம் வந்து, "படத்துக்குப் பின்னால எழுதியிருந்தது எனக்குத் தெரியும்" என்றார். காருக்குப் போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மதியம் மழை பிடித்தது. சவரிமுத்து அந்த வெள்ளைச் சட்டையோடு ஓடிப்போய் பிட்ச்சின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். சரியாகப் பிடிக்கவில்லை என்று கடிந்துகொண்டார். பிறகு புது அரங்கின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றோம்.

"அந்த எட்டுப் பேரு பேரையும் எழுதித் தாங்க மேடம்" என்றார். "தாத்தா யார் யாரை அவுட்டாக்கினாருன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. பேரு வாயில நுழையலைன்னாலும் பரவால்ல."

விழா அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்து எட்டுப் பெயரையும் தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாசிலாமணி. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கீழே தேதி போட்டு, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.